பாசிக்குடாவில் இறங்குகிறவர் வந்தாறுமூலையைப் பார்ப்பதில்லை

பாசிக்குடாக் கடலில் இறங்கி நடந்தால் நடந்துகொண்டே இருக்கலாம். கரை பின்னால் சிறுத்துப் போன பிறகும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. குடாவின் வாயில் கிடக்கும் பவளப்பாறை அலையை வெளியிலேயே மறித்துவிடுகிறது. நீச்சல் தெரியாதவர்கள், குழந்தைகள், புடவையோடு இறங்கும் பாட்டிமார் எல்லாருக்கும் இடம் தரும் கடல் இது. இலங்கையின் தெற்குக் கரை மழையிலும் கொந்தளிப்பிலும் கிடக்கும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் இங்கே வெயில் காயும். மேற்கிலிருந்து கச்சான் காற்று தரைமேல் உலர்ந்து வீசும், கடல் தட்டையாகக் கிடக்கும். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கும் ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கும் இதுதான் சீசன்.

அவர்கள் வரும் வழியைக் கொஞ்சம் கவனியுங்கள். கொழும்பு, தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனாணை, ஓட்டமாவடி. பிறகு வாழைச்சேனையில் கடற்கரைப் பக்கம் ஒரு திருப்பம், ஹோட்டல் வாசல். மூன்று நாள் கழித்து அதே வழியாகத் திரும்புவார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் தங்கினோம் என்று வீட்டில் போய்ச் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் வாழைச்சேனையிலிருந்து தெற்கே மட்டக்களப்பு நகரை நோக்கிப் போகும் சாலையில் அவர்களின் வேன் திரும்புவதே அரிது. கிரான், சந்திவெளி, முறக்கொட்டான்சேனை, சித்தாண்டி, மாவடிவேம்பு, வந்தாறுமூலை, கொம்மாதுறை, செங்கலடி, ஏறாவூர் என்று ஊரோடு ஊர் ஒட்டிக்கொண்டு போகும் சாலை அது. ஹோட்டலிலிருந்து வந்தாறுமூலைக்கு அரைமணி நேரம் போதும்.

அந்த அரைமணி நேரத்துக்குள் நாற்பது ஆண்டுகளின் கதை கிடக்கிறது. அதைத் தவிர்ப்பதற்காக யாரும் திட்டமிட்டு வேறு சாலை போடவில்லை. பூகோளமே அப்படி அமைந்துவிட்டது. சுற்றுலாத் துறைக்கு அது வசதியாகவும் போய்விட்டது.

வந்தாறுமூலையைப் பல்கலைக்கழக ஊர் என்றுதான் இன்று எல்லாரும் அறிவார்கள். 1981-இல் ஊரின் மத்திய கல்லூரிக் கட்டடங்களில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986-இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. அதற்கு முன்பே இந்த ஊருக்கு வேறொரு பெயர் இருந்தது, கூத்துக்காரர்களின் ஊர். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனபோது மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று அந்த மேடையில் வந்தவற்றைத் தமிழ் நாடக வரலாறு எழுதுகிறவர் எவரும் தாண்டிப்போக முடியாது. இராவணனாக ஆடிய சி. மௌனகுரு வந்தாறுமூலையில் படித்தவர். பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியராகவும் இருந்தார். அறுவடை முடிந்த வயல் ஓரத்தில், கோயில் வெளியில், வட்டக்களரி கட்டி விடியவிடிய ஆடும் வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் இன்னும் இந்தச் சாலை ஊர்களில் உயிரோடு இருக்கின்றன. பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் புல்வெளியில் சனிக்கிழமை இரவு நடக்கும் ‘கலாசார நிகழ்ச்சி’யில் பெரும்பாலும் கண்டி நடனம்தான் ஆடுகிறார்கள். கண்டி நடனத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. பக்கத்து ஊர்க்காரர் மத்தளத்தோடு சும்மா இருக்கும்போது நூறு மைலுக்கு அப்பாலிருந்து ஆட்களைக் கூட்டிவருவது ஏன் என்பதுதான் கேள்வி.

1990 ஜூனில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. சாலையோர ஊர்களின் சனம் வீடுகளை விட்டு ஓடியது. காட்டுப் பக்கம் போக முடிந்தவர்கள் போனார்கள். மற்றவர்கள் வந்தாறுமூலை வளாகத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். விரிவுரை மண்டபங்களிலும் விடுதிகளிலும் மரத்தடிகளிலும் பல்லாயிரம் பேர். பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர்தான் அந்த முகாமைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் இந்தக் கரையில் நடந்ததை நாள் வரிசையில் சொன்னால்தான் அதன் கனம் தெரியும். ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்ட் 11 இரவு ஏறாவூரில் வீடு வீடாகப் புகுந்து மீண்டும் முஸ்லிம்கள் நூறு பேருக்குமேல், குழந்தைகளும் பெண்களும் அடங்க. ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அமெரிக்க யேசுசபைக் குருவானவர் யூஜின் ஹேபர்ட்டும் உடன் போனவரும் வழியில் காணாமல் போனார்கள், இன்றுவரை காணவில்லை. செப்டம்பர் 5 அன்று இராணுவம் வந்தாறுமூலை வளாகத்துக்குள் நுழைந்து, அகதிகளை வரிசையில் நிறுத்தி, 158 பேரைப் பொறுக்கி எடுத்துக் கொண்டுபோனது. ஒருவரும் திரும்பவில்லை. செப்டம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானிலும் அதை ஒட்டிய பனிச்சையடி, பிள்ளையாரடி, கொக்குவில் ஊர்களிலும் பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் 184 பேர் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் 23-இல் வளாகத்து முகாமிலிருந்து இன்னும் 16 பேர் கொண்டுபோகப்பட்டார்கள்.

முதல் நாளிலிருந்து சத்துருக்கொண்டான் வரை எண்ணினால் ஐந்து வாரம் சொச்சம். கொன்றவர்கள் ஒரே பக்கத்தவர் அல்ல, இறந்தவர்களும் ஒரே இனத்தவர் அல்ல. இந்தக் கரையின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்களில் பலர் தமக்குப் பிடிக்காத பாதியை விழுங்கிவிடுவார்கள். ஏறாவூரைச் சொல்லி வந்தாறுமூலையை விடுவார்கள், இல்லாவிட்டால் வந்தாறுமூலையைச் சொல்லிக் காத்தான்குடியை விடுவார்கள். ஏறாவூரும் வந்தாறுமூலையும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறவை. ஒரே வாவியில் வலை போடுகிறவை.

158 பேரின் பெயர்ப் பட்டியல் அப்போதே முகாமில் எழுதப்பட்டது. 1990களில் ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு சாட்சியம் பதிவுசெய்தது. முகாமை நடத்தியவர்களில் ஒருவரான விரிவுரையாளர் த. ஜயசிங்கம் பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் உபவேந்தர் ஆனார். ஆண்டுதோறும் செப்டம்பர் 5-இல் உறவினர்கள் நினைவேந்தலுக்குக் கூடுகிறார்கள். தண்டனை பெற்றவர் என்று ஒருவரும் இல்லை.

இதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு உபவேந்தர், பேராசிரியர் சி. இரவீந்திரநாத், 2006 டிசம்பர் 15 அன்று கொழும்பில், உயர் பாதுகாப்புப் பகுதி ஒன்றில் நடந்த கூட்டத்திலிருந்து வெளியே வந்தபின் மறைந்தார். அதற்கு முன் கலைப்பீடாதிபதி கடத்தப்பட்டார். இரவீந்திரநாத் பதவி விலக வேண்டும் என்ற மிரட்டல் அதனோடு வந்தது. பதினெட்டு ஆண்டுகள் எதுவும் அசையவில்லை. 2025 ஏப்ரலில் கிழக்கு மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர் பிள்ளையான் என்ற சிவனேசதுரை சந்திரகாந்தன் இந்தக் கடத்தல் தொடர்பாகக் குற்றப் புலனாய்வுத் துறையினரால் கைதுசெய்யப்பட்டார். எனவே இதைப் ‘பழைய கதை’ என்று ஒதுக்கிவைப்பது கஷ்டம்.

பாசிக்குடாவின் கதைக்குத் திரும்புவோம்; அதுவும் சுத்தமான கதை அல்ல. இலங்கைச் சுற்றுலாச் சபை 1966-இல் உருவானபோது வகுத்த பத்தாண்டுத் திட்டத்திலேயே கிழக்குக் கரைக்கு இடம் இருந்தது. 1970களில் பாசிக்குடாவிலும் அதை அடுத்த கல்குடாவிலும் ஹோட்டல்கள் எழுந்தன. இம்பீரியல் ஓசியானிக், சன் அண்ட் ஃபன் என்ற பெயர்களை ஊரில் வயதானவர்கள் இப்போதும் சொல்வார்கள். 1928-இல் மட்டக்களப்பு வரை போட்ட ரயில் பாதையில் கல்குடாவுக்கென்றே ஒரு நிலையம் உண்டு. வெள்ளைக்காரர்கள் அங்கே வந்து இறங்கினார்கள்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி வந்தது. மட்டக்களப்பாருக்கு இன்றும் வயதைக் கணக்கிடும் குறி அது. ‘சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா’ என்றுதான் கேட்பார்கள். தென்னந்தோப்புகள் அடியோடு சரிந்தன, கூரைகள் பறந்தன. தப்பிய ஹோட்டல்களைப் போர் பார்த்துக்கொண்டது. 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு உல்லாசப் பயணி என்ற சொல்லே இந்தப் பக்கம் மறந்துபோனது. கூரையில்லாத அறைகளில் ஆடு மாடு கட்டினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி மிச்சத்தையும் அலசிப் போட்டது. அன்று மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கல்லடி, நாவலடிப் பக்கம் தெருக்களே இல்லாமல் போயின. அதே ஆண்டு மார்ச்சில்தான் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து, அடுத்த மாதம் ஒரே ஊர்ப் பிள்ளைகள் வெருகல் கரையில் ஒருவரையொருவர் சுட்டிருந்தார்கள். 2007 ஜனவரியில் வாகரையும் ஜூலையில் தொப்பிகலையும் அரச படையிடம் விழ, கிழக்கில் போர் முடிந்ததாக அறிவித்தார்கள்.

பிறகு வேகம்தான். குடாவைச் சுற்றிய நிலத்தைச் சுற்றுலா வலயமாக்கி, துண்டு துண்டாகக் கம்பனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 2011-இல் மாலு மாலு திறந்தது. அமாயா, உகா, அனிலானா, ஜெட்விங் என்று அடுத்தடுத்து வந்தன. அநேகமும் கொழும்பு மூலதனம். கட்டடங்கள் அழகானவை, ஒத்துக்கொள்ள வேண்டும். நீச்சல் குளத்து ஓரத்திலிருந்து பார்த்தால் குளத்து நீரும் கடலும் ஒன்றோடொன்று கலந்துவிடுவது மாதிரித் தோன்றும். அந்தக் கோணத்தில் வள்ளம் ஒன்றும் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் உண்டு. குடா முழுவதும் முன்பு மீனவர்கள் வள்ளம் இழுத்துப் போட்ட கரை. வலை காயப் போட்டதும் மீன் பிரித்ததும் அங்கேதான். ஹோட்டல் வரிசை எழுந்தபின் அவர்களுக்கு மிஞ்சியது ஓரத்தில் ஒரு துண்டு. சுவிட்சர்லாந்தின் ‘அச்சுறுத்தலுக்குள்ளான மக்களுக்கான சங்கம்’ 2015-இல் இலங்கைச் சுற்றுலாவும் மனித உரிமையும் பற்றி வெளியிட்ட அறிக்கை குச்சவெளி, கற்பிட்டியோடு பாசிக்குடாவையும் எடுத்துக்கொண்டது. கரையை இழந்த மீனவர் குடும்பங்களின் முறைப்பாடுகள் அதில் இருக்கின்றன. ஹோட்டலில் வேலை கிடைத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. தோட்டம், துப்புரவு, காவல், சமையலறையின் பின்பக்கம் என்று அந்த வேலைகள் கிடைத்தன. முன்வாசல் மேசைக்கு ஆங்கிலமும் சிங்களமும் வேண்டும் என்றார்கள். சாலையில் அரைமணி நேரத் தூரத்தில் ஆண்டுதோறும் பட்டதாரிகளை அனுப்பும் பல்கலைக்கழகம் ஒன்று இருப்பது அந்த மேசைகளுக்குத் தெரியாமலா இருக்கும்?

வரலாற்றை மூடிவைத்து விடுமுறை விற்பது இலங்கை கண்டுபிடித்த கலை அல்ல. பாலித் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1965 டிசம்பரிலும் அடுத்து வந்த மாதங்களிலும் அங்கே ஏறத்தாழ 80,000 பேர் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லிக் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். தீவின் சனத்தொகையில் இருபதில் ஒருவர். அடுத்த பத்தாண்டுகளில் அதே தீவு ‘சாந்தமான மக்களின் சொர்க்கம்’ என்று உலகத்துக்கு விற்கப்பட்டது. செமின்யாக் கரையில் புதைகுழிகள் இருந்த இடங்களில் ஹோட்டல்கள் நிற்பதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்கே கொன்றவரும் மிஞ்சியவரும் ஒரே தெருவில் குடியிருக்க வேண்டியிருந்தது. சுற்றுலாப் பணம் வந்ததும் வாய் திறப்பது இன்னும் கடினமாயிற்று.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு வழி உண்டு, அது இன்னும் மோசம். 2009-இல் போர் முழுதாக முடிந்த பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவர் பிரபாகரனின் நிலக்கீழ் வீட்டைப் பார்த்து, படம் எடுத்து, பக்கத்து இராணுவக் கடையில் தேநீர் குடித்துப் போனார்கள். 2013-இல் இராணுவமே அதை வெடிவைத்துத் தகர்த்தது. வென்றவர் தன் வெற்றியைப் பார்க்கக் கூட்டிவரும் சுற்றுலாவில் தோற்றவரின் வீடு காட்சிப்பொருள் ஆகிவிடும். வந்தாறுமூலைக்கு அப்படி ஒரு பஸ் வரவே வேண்டாம்.

மட்டக்களப்புச் சுற்றுலாக் கையேடுகள் போரைத் தொடாதவை அல்ல. எந்தப் போரைத் தொடுவது என்பதில்தான் அவை கவனமாக இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு வெளியே ஐம்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. 307 பேர் அதில் இறந்தார்கள். அந்தக் கப்பலுக்கு முக்குளிக்கவென்றே உலகெங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இறந்தவர்களின் பெயர்கள், கப்பல் சாய்ந்த விதம், எத்தனை நிமிடத்தில் மூழ்கியது என்பதெல்லாம் கையேட்டில் உண்டு. 1638-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த கோட்டையும் உண்டு. 1990 மட்டும் இல்லை. எண்பது வருடம் ஆனால்தான் ஒரு சாவு கையேட்டில் ஏறத் தகுதி பெறும் போலிருக்கிறது.

2018-இல் இலங்கைக்கு 23 லட்சம் பேர் வந்தார்கள், அதுவரை இல்லாத உச்சம். லோன்லி பிளானட் பயண வழிகாட்டி 2019-இல் போக வேண்டிய நாடுகளில் இலங்கைக்கு முதலிடம் கொடுத்தது. அந்த 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பலர் இறந்தார்கள். அன்றைய தாக்குதல்களின் சூத்திரதாரி சஹ்ரான் காத்தான்குடிக்காரர். சீசன் தொடங்கும் வாரத்தில் பாசிக்குடா காலியானது. அடுத்து கொரோனா. எரிக்காமல் புதைக்க அனுமதி கேட்டு முஸ்லிம்கள் ஓராண்டு போராடிய பிறகு, 2021 மார்ச்சிலிருந்து நாடெங்குமிருந்து கொரோனா உடல்கள் வந்து சேர்ந்த இடம் ஓட்டமாவடிப் பிரதேசத்தின் மஜ்மா நகர். பாசிக்குடாவிலிருந்து அதுவும் தூரமில்லை. அடுத்த ஆண்டு பெட்ரோல் வரிசை. பிறகு கூட்டம் மெல்லத் திரும்பி, 2024-இல் இருபது லட்சத்தைத் தாண்டியது.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் பாசிக்குடாவில் காலை நீட்டிப் படுக்கலாமா? படுக்கலாம் என்பதுதான் என் பதில், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. காரணம் வெள்ளைக்காரரோ கொழும்புக்காரரோ அல்ல. ஞாயிற்றுக்கிழமை மதியம் பாசிக்குடாவின் பொதுக் கரைக்குப் போய்ப் பாருங்கள். ஹோட்டல் வேலி முடிகிற இடத்தில் லாரிகளிலும் ஆட்டோக்களிலும் மோட்டார் சைக்கிளில் நான்கு பேராகவும் வந்து குவிந்திருப்பவர்கள் இந்தச் சாலையின் சனம். ஓட்டமாவடி முஸ்லிம் பெண்கள் அபாயாவோடு கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருப்பார்கள். சித்தாண்டிக் குடும்பம் சோற்றுப் பானையை மர நிழலில் இறக்கியிருக்கும். பொலன்னறுவையிலிருந்து வந்த சிங்களக் குடும்பம் பக்கத்திலேயே பாய் விரித்திருக்கும். இறால் வடை, மிளகாய்த்தூள் தடவிய மாங்காய், கச்சான் கடலை. பிள்ளைகள் தண்ணீரை விட்டு வரமாட்டார்கள், தாய்மார் கரையில் நின்று கத்துவார்கள்.

இவர்களில் நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் இந்தக் கடலுக்கு வர முடியாத ஆண்டுகள் உண்டு. சோதனைச் சாவடி, ஊரடங்கு, மீன்பிடித் தடை, பிறகு சுனாமி தந்த பயம். கடலை விட்டுத் திரும்பி நின்றவர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி இறங்கியிருக்கிறார்கள். இந்தத் தீவில் யாருக்காவது கடற்கரை விடுமுறை உரிமையாகச் சேர வேண்டும் என்றால் முதலில் இவர்களுக்குத்தான். அவர்களுடைய விடுமுறையைப் பார்த்த எனக்கு, துயரம் நடந்த ஊரில் சிரிப்பது தப்பு என்று வெளியிலிருந்து வந்து பாடம் சொல்கிறவர்களைக் கண்டால் பொறுமை போய்விடுகிறது.

வெளியூர்க்காரரும் வரட்டும். ஒரு நாளையாவது சாலைக்குக் கொடுக்கட்டும். சித்தாண்டியில் முருகன் கோயிலில் இறங்கலாம். வந்தாறுமூலையில் விஷ்ணு கோயில் இருக்கிறது. சைவம் நிறைந்த கரையில் அது தனியான விஷயம். ஊரின் கிழக்கே களுவன்கேணிக் கடற்கரை. தமிழ் பேசி மீன்பிடித்து வாழும் கரையோர வேடர் மரபினரின் ஊர், ஹோட்டல் ஒன்றும் இன்னும் எட்டிப்பார்க்காத மணல். ஏறாவூரில் மதியச் சோறு. வழியில் சட்டியோடு எருமைத் தயிர். மாலையில் கல்லடிப் பாலம். வாவியில் மீன் பாடுகிறதா என்று துடுப்பைத் தண்ணீரில் வைத்துக் காதைக் கொடுத்துப் பார்க்கலாம். பாடாவிட்டாலும் காற்று நன்றாக இருக்கும். மட்டக்களப்புக்குப் போனவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் கேலி பேசுவார்கள். அந்த மந்திரத்தின் பாதி இந்தச் சாப்பாடுதான் என்று நினைக்கிறேன்.

அரசாங்கத்திடமும் ஹோட்டல்காரர்களிடமும் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. குடாவில் மீனவர்களின் வள்ளத்துறைக்கு எழுத்தில் எல்லை போட்டு, குத்தகைக்காரர் எவரும் தொடாதபடி கொடுக்கலாம். பொதுக் கரையில் பெண்கள் உடை மாற்ற மறைப்பும், மாலை ஆறுக்குப் பிறகு செங்கலடி வரை போகும் பஸ்ஸும் வேண்டும். சனிக்கிழமை மேடையில் மாதம் ஒருமுறையாவது இந்தச் சாலை ஊர்களின் கூத்துக் குழு ஒன்றுக்கு முழுச் சம்பளத்தோடு இடம் கொடுக்கலாம். ஹெர்மிஸுக்கு ஒரு பக்கம் ஒதுக்கும் கையேட்டில் காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் வந்தாறுமூலைக்கும் சத்துருக்கொண்டானுக்கும் தேதியோடு தலா ஒரு வரி சேர்க்கலாம். நான்கு வரிகளையும் ஒரே பக்கத்தில் அச்சிட வேண்டும், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள எவராலும் முடியாதபடி.